கல்லுக்குள்ள ஒரு ஊரு: ஏவ்பரியில மூணு நாள்

நாள் 1, சனிக்கிழமை

ஆகஸ்ட் கடைசி திங்கக்கிழமை இங்கிலாந்துல பேங்க் ஹாலிடே, அதனால மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு கிடைச்சுது. வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட், வரமுடியாதுன்னுட்டாரு, சரின்னு மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்கற தம்பிய இழுத்துக்கிட்டு கிளம்பிட்டேன். அவன் சிவில் இன்ஜினியர். "கல்லு பாக்கப் போறோம்டா"ன்னு மட்டும் சொல்லியிருந்தேன், கல்வட்டம்னா எல்லாருக்கும் தெரிஞ்ச ஸ்டோன்ஹெஞ்ச்தான்னு நெனச்சு ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டுட்டான் பாவம்.

ஸ்விண்டன்ல இருந்து 49ஆம் நம்பர் பஸ். வில்ட்ஷர் வயக்காட்டுக்குள்ள அரைமணி நேரம் ஓடும், கோதுமை அறுத்து முடிச்சு வைக்கோல் உருளை உருளையா கிடக்குது, அப்புறம் திடீர்னு பஸ் ஒரு மண்மேட்ட அறுத்துக்கிட்டு உள்ள நுழையுது, நுழையற இடத்துலயே ரோட்ட ஒட்டி யானைய நிக்க வச்சமாதிரி ஒரு கல்லு. ஸ்விண்டன் கல்லுன்னு பேரு, 60 டன்னுக்கு மேல இருக்கும்னு கணக்கு, நட்ட நாள்ல இருந்து ஒருதடவகூட விழாதது. ராத்திரி 12 மணி அடிச்சா இது எழுந்து ரோட்ட கிராஸ் பண்ணும்னு ஊர்ல ஒரு கதை. இந்த ரோட்ல வர்ற லாரி வேகத்துக்கு கல்லுதான் பயப்படணும்.

இறங்கினதும் தம்பி சுத்திப் பாத்துட்டு "அக்கா, கல்லு எங்க ஆரம்பிக்குது, ஊரு எங்க முடியுது?"ன்னு கேட்டான். சரியான கேள்வி. ஏவ்பரியில கல்வட்டம் ஒரு பக்கம், ஊரு ஒரு பக்கம்னு இல்ல. வட்டத்துக்குள்ளயே வீடு இருக்கு, பப் இருக்கு, பஸ் ஸ்டாப் இருக்கு, மெயின் ரோடு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போகுது. வெளி வட்டம் மட்டும் குறுக்க 330 மீட்டர், உலகத்துலயே பெரிய கல்வட்டம் இதுதான். அதுக்கு வெளிய அகழி, அதுக்கும் வெளிய மண்கரை. அகழி முதல்ல 9 மீட்டர் ஆழம் இருந்துச்சாம், மான்கொம்ப கடப்பாரை மாதிரி வச்சு குத்திக் குத்தித் தோண்டியிருக்காங்க, கி.மு. 2850ல இருந்து கி.மு. 2200க்குள்ள பல தலைமுறை சேர்ந்து செஞ்ச வேலை. அடியில எல்லாம் சாக்கட்டி மாதிரி வெள்ளைப் பாறை, அதனால புதுசுல கரை முழுக்க சுண்ணாம்பு அடிச்சாப்ல பளீர்னு தெரிஞ்சிருக்கும். இப்ப புல்லு மூடி, மண்ணு சரிஞ்சு, ஆடு மேயுது.

ஸ்டோன்ஹெஞ்சுல டிக்கெட் வாங்கி கயித்துக்கு இந்தப்பக்கம் நின்னு பாக்கணும். இங்க டிக்கெட்டே கிடையாது, கல்லத் தொடலாம், சாஞ்சு உக்காந்து சாண்ட்விச் திங்கலாம். 1649 ஜனவரியில ஜான் ஆப்ரின்னு ஒருத்தரு வேட்டைக்கு வந்த இடத்துல இதப் பாத்து அசந்துபோய், ஸ்டோன்ஹெஞ்ச் ஊர்ச் சின்ன சர்ச்னா இது கதீட்ரல்ங்கற மாதிரி எழுதிவச்சிருக்காரு. 1663ல ராஜா இரண்டாம் சார்லஸயே கூட்டிட்டு வந்து காட்டியிருக்காரு. நான் ஆப்ரி கட்சி. தம்பி இன்னும் முடிவு பண்ணல, அங்க கல்ல செதுக்கி மேல உத்தரம் வச்சிருக்கான், இங்க கிடைச்சத அப்படியே நட்டுட்டான்னு ஒரே குறை.

மத்தியானம் ரெட் லயன் பப்ல சாப்பாடு. கூரை வேய்ஞ்ச பழைய வீடு, 17ஆம் நூற்றாண்டு, கல்வட்டத்துக்குள்ள இருக்கற ஒரே பப் உலகத்துல இதுதான்னு பெருமை அடிச்சுக்குவாங்க. உள்ள ஒரு கிணறு, 86 அடி ஆழம், மேல கண்ணாடி போட்டு மூடி அதையே டேபிளா ஆக்கிட்டாங்க. சண்டைக்குப் போன புருஷன் திரும்பி வந்து பொண்டாட்டியக் கொன்னு இதுக்குள்ள போட்டான், அவ பேயா அலையறான்னு கதை. நாங்க வேற டேபிள்ல உக்காந்தோம். பயமெல்லாம் இல்ல, சிப்ஸ் விழுந்துடுமோன்னு.

பக்கத்து டேபிள்ல இருந்த தாத்தா சொன்ன கதைதான் இன்னிக்கு ஹைலைட். 1300கள்ல ஊர்க்காரங்க இந்தக் கல்லையெல்லாம் குழி வெட்டித் தள்ளிப் புதைச்சிருக்காங்க. அப்படி ஒருதடவ தள்ளறப்ப ஒருத்தன் அடியில மாட்டிக்கிட்டான், கல்லத் தூக்க முடியல, அப்படியே விட்டுட்டாங்க. 1938ல தோண்டினப்பதான் எலும்புக்கூடு வெளிய வந்துச்சு, கூடவே ஒரு கத்தரிக்கோல், ஒரு ஊசி மாதிரி கருவி, 1320கள் வாக்குல உள்ள காசு. முடிவெட்டற, கட்டிக்கு வைத்தியம் பாக்கற ஆளா இருக்கும்னு பேரு வச்சு, அந்தக் கல்லுக்கே பார்பர் கல்லுன்னு ஆயிடுச்சு. நசுங்கிச் செத்த மனுசன நெனச்சு தம்பி ரொம்ப நேரம் அந்தக் கல்லு முன்னாடியே நின்னான்.

ரூம் பெக்காம்ப்டன்ல, ஒரு மைல் நடை. வழியில ஏவ்பரி ட்ரஸ்லோன்னு ஒரு சின்ன குடியிருப்பு, உள்ளாட்சிக்காரங்க கட்டி வாடகைக்கு விடற சாதாரண கவுன்சில் வீடுங்க, பாக்க ஒண்ணும் இல்ல. கால் வலி, தூங்கப் போறேன்.

நாள் 2, ஞாயித்துக்கிழமை

முதல்ல நேத்து எழுதினதுல ஒரு திருத்தம். அந்த பார்பர் நசுங்கிச் சாகல போலிருக்கு. எலும்புக்கூட லண்டன்ல சர்ஜன்ஸ் காலேஜுக்கு அனுப்பினாங்க, 1941ல அங்க குண்டு விழுந்து அழிஞ்சுபோச்சுன்னே நம்பிக்கிட்டிருந்தாங்க, 1990கள் கடைசியில பாத்தா வேற மியூசியத்துல பத்திரமா இருக்கு. மறுபடி பரிசோதிச்சா கல்லு விழுந்து நசுங்கின அடையாளமே இல்ல. ஏற்கெனவே செத்தவன அந்தக் குழியில வச்சிருக்கலாம்னு இப்ப சொல்றாங்க. தம்பிக்கு ஏமாத்தம். கதையா கேட்டப்ப நல்லா இருந்துச்சேங்கறான்.

இன்னிக்கு முழுக்க கட்டடம் பாக்கற நாள். முதல்ல செயிண்ட் ஜேம்ஸ் சர்ச். கல்வட்டத்துக்கு வெளிய, கரைக்கு அந்தப்பக்கம். நடு மண்டபச் சுவரு பிரான்ஸ்ல இருந்து நார்மன்காரங்க படையெடுத்து வர்றதுக்கு முன்னாடி, அதாவது 1066க்கு முன்னாடி கட்டினது, மேல வட்ட வட்டமா சின்ன ஜன்னல். ஞானஸ்நானத் தொட்டியில ஒரு பிஷப்பு காலடியில பாம்பு மாதிரி டிராகன். ஆனா நான் உக்காந்து பாத்தது எதுன்னா குறுக்க இருக்கற மர மாடம், பழைய கத்தோலிக்க காலத்துல சிலுவை வச்ச மேடை, ரூட் லாஃப்ட்னு சொல்றாங்க, 15ஆம் நூற்றாண்டு வேலை. மதச் சீர்திருத்தம் வந்தப்ப நாடு முழுக்க இத உடைச்சு எரிச்சாங்க. இந்த ஊர்ல யாரோ புண்ணியவான், உடைக்கறதுக்குப் பதிலா அதுக்கு முன்னாடி ஒரு சுவரு எழுப்பி பூசி மறைச்சுட்டாங்க. 1810ல பூச்ச எடுத்தப்ப பின்னாடி முழுசா இருந்துச்சு. நடுவுல பத்து தலைமுறை அந்தச் சுவத்தப் பாத்துத்தான் ஜெபம் பண்ணியிருக்காங்க, பின்னாடி என்ன இருக்குன்னு எத்தன பேருக்குத் தெரிஞ்சிருக்குமோ.

சர்ச்சுக்குப் பக்கத்துல மேனர், அந்த ஊர் ஜமீன் வீடுன்னு வச்சுக்கங்க, 16ஆம் நூற்றாண்டு. நாங்க தோட்டத்தோட சரி. வீட்டுக்குள்ள ஒன்பது ரூம ஒவ்வொரு காலத்து மாதிரி 2011ல ஒரு டிவி நிகழ்ச்சிக்காக செஞ்சு வச்சாங்களாம். அப்புறம் 17ஆம் நூற்றாண்டு கூரைக் களஞ்சியம் ஒண்ணு, கதிரடிக்கறதுக்காகக் கட்டினது, இப்ப மேல வௌவாலு. வட்டமா ஒரு புறாக்கூடு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பழைய குதிரைக் கொட்டாயில ஒரு மியூசியம். அலெக்சாண்டர் கீலர்னு ஒருத்தரு ஆரம்பிச்சது. டண்டீ ஊர்ல ஆரஞ்சு மார்மலேட் ஜாம் வித்த குடும்பத்து வாரிசு, கையில காசு, மனசுல கல்லு. 1920கள்ல பக்கத்து விண்ட்மில் ஹில் குன்று மேல மார்கோனி கம்பெனி ரேடியோ மாஸ்ட் கட்ட வந்துச்சு, அத நிறுத்தறதுக்குப் போராடி, கடைசியில குன்றையே விலைக்கு வாங்கிட்டாரு. அப்புறம் ஊரையும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கினாரு. 1937ல இருந்து 1939 வரைக்கும் புதைச்ச கல்ல எல்லாம் தோண்டி எடுத்து அதே குழியில நிமிர்த்தி, கல்லே இல்லாம போன இடத்துல எல்லாம் சின்ன காங்கிரீட் தூண் நட்டாரு. இன்னிக்கு நம்ம போட்டோ எடுக்கற ஏவ்பரி பெரும்பாலும் அவரு எழுப்பினதுதான். தம்பிக்கு இங்கதான் சுவாரசியம் வந்துச்சு. காங்கிரீட்ட கல்லு மாதிரி நடிக்க வைக்காம, இது இல்லாத கல்லு அப்படின்னு நேர்மையா காட்டியிருக்கான் பாருக்கான்னு சொன்னான்.

ஆனா வட்டத்துக்குள்ள மறுபடி கல்லு தெரியணும்னா வீடு போகணும். அவரு வாங்கின குடிசை, கொட்டகை எல்லாம் ஒண்ணொண்ணா இடிச்சாரு. 1943ல பழைய இடங்களப் பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட்ங்கற அமைப்புக்கு 12,000 பவுண்டுக்கு வித்தாரு, வெறும் விவசாய நிலத்து விலை. அவங்களும் கொஞ்ச காலம் அதே கொள்கையோட இடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தக் குடும்பங்கள்ல பல எங்க போச்சுங்கறீங்க? நேத்து ராத்திரி பாக்க ஒண்ணும் இல்லன்னு எழுதினேனே, அந்த ஏவ்பரி ட்ரஸ்லோ. எனக்கே ஒருமாதிரி ஆயிடுச்சு.

இடிச்ச வீடு எதுல கட்டினதுன்னு பாத்தா கதை இன்னும் சிக்கல். 1700 வாக்குல ஊர் விவசாயிங்க கல்லப் புதைக்கறத விட்டுட்டு உடைக்க ஆரம்பிச்சாங்க. சார்சன்னு சொல்ற இந்தக் கல்லு மணல் பாறைதான், ஆனா உளி இறங்காது, அப்படி ஒரு இறுக்கம். அதனால பக்கத்துல குழி தோண்டி, கல்ல உள்ள சாய்ச்சு, அடியில வைக்கோல் போட்டுக் கொளுத்தி, நல்லா காஞ்சதும் எங்க பிளக்கணுமோ அந்தக் கோட்டுல பச்சத் தண்ணிய ஊத்தி, சம்மட்டியால போட்டா பட்டுன்னு பிளக்கும். வில்லியம் ஸ்டூக்லின்னு ஒருத்தரு 1719ல இருந்து வருஷா வருஷம் வந்து கண்ணு முன்னாடி அழியறதப் பாத்துப் பாத்து வரைஞ்சு வச்சாரு, 1743ல புத்தகமாவும் போட்டாரு. டாம் ராபின்சன்னு ஒரு கல்லுடைக்கிற ஆளு மேல அவருக்கு அப்படி ஒரு கோவம், பேரு சொல்லித் திட்டியிருக்காரு. அவரு வரைபடம் இல்லன்னா கீலருக்கு எந்தக் கல்லு எங்க இருந்துச்சுன்னே தெரிஞ்சிருக்காது.

உடைச்ச கல்லு எங்கயும் போகல, ஊர்லயே இருக்கு. வட்டத்துக்குள்ள 17ஆம் நூற்றாண்டு சேப்பல் ஒண்ணு, இங்கிலாந்து அரசாங்க சர்ச்சோட ஒத்துப்போகாத கிறிஸ்தவங்க கட்டினது, அதோட சுவரெல்லாம் இந்தக் கல்லுதான். வீட்டுச் சுவரு, தோட்டச் சுவரு, எங்க தொட்டாலும் அதே சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த கல்லு. ஆனா கல்லு பழி வாங்கிடுச்சு. சார்சன் சுவரு ஈரம் கோக்கும், குளிர் காலத்துல வேர்க்கும், வீட்டுக்குள்ள மேசை நாற்காலி எல்லாம் உளுத்துப்போகும்னு ஸ்டூக்லியே எழுதிவச்சிருக்காரு. எங்க ரூம்ல நேத்து ராத்திரியில இருந்து ஒரு மெஷின் கொர்ர்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஹீட்டர்னு நெனச்சு தம்பி ரெண்டு தடவ நிறுத்திட்டான். காலையில வீட்டுக்கார அம்மா சொன்னாங்க, அது ஈரத்த இழுக்கற மெஷினாம், அத நிறுத்தினா சுவத்துப் பக்கம் இருக்கற தலகாணி நனையுமாம். நனைஞ்சுதான் இருந்துச்சு.

அப்ப, கீலர் இடிச்ச வீடும் அந்தக் கல்வட்டத்தோட ஒரு பாகம்தானேன்னு நான் கேட்டேன். தம்பி கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அக்கா, கல்லக் காப்பாத்தறேன்னு கல்லையே இடிச்சிருக்கான்"னான். கீலர வில்லன் ஆக்கவும் எனக்கு மனசு வரல, அவரு இல்லன்னா ரேடியோ மாஸ்ட்டும் வந்திருக்கும், கல்லும் மண்ணுக்குள்ள இருந்திருக்கும். ஆனா எந்தக் காலத்தக் காப்பாத்தறதுன்னு ஒரு ஆளு, கையில காசு இருக்கற ஆளு, தனியா முடிவு பண்ணியிருக்காரு. 16ஆம் நூற்றாண்டு மேனர் தப்பிச்சுது, கூலிக்காரன் குடிசை தப்பிக்கல.

நாள் 3, திங்கக்கிழமை

நடந்தோம் நடந்தோம் நடந்துக்கிட்டே இருந்தோம். எட்டு மைலாவது இருக்கும்.

வட்டத்தோட தெற்கு வாசல்ல இருந்து ரெண்டு வரிசையா கல்லு வயலுக்குள்ள போகுது, வெஸ்ட் கென்னட் அவென்யூ, 2.4 கிலோமீட்டர், ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு ஒல்லியா தூண் மாதிரி, எதிர்ல இருக்கறது அகலமா சாய்சதுரம் மாதிரி, எல்லா ஜோடியும் இல்ல, ஆனா கவனிச்சா தெரியும். இது போய்ச் சேர்ற இடம் சாங்க்சுவரி, முன்ன இருந்த இன்னொரு சின்ன கல்வட்டம். அங்க இருந்த கல்லு எல்லாத்தையும் 1720கள்லயே உடைச்சுட்டாங்க, 1930ல தோண்டி இடம் கண்டுபிடிச்சு காங்கிரீட் குறி வச்சிருக்காங்க, அவ்ளோதான். தம்பி இங்க கேட்ட ஒரு விஷயத்துக்காக மதிய சாப்பாட்டையே தள்ளி வச்சுட்டான்: 17ஆம் நூற்றாண்டு கடைசியில மார்ல்பரோ ஊர் டாக்டர் டூப்புன்னு ஒருத்தரு இது பக்கத்துல மனுச எலும்பு நிறைய கிடக்குதுன்னு கேள்விப்பட்டு வந்து, மூட்டை மூட்டையா அள்ளிட்டுப் போய் பொடி பண்ணி மருந்து செஞ்சு அக்கம்பக்கத்து நோயாளிங்களுக்குக் குடுத்திருக்காரு. ரொம்ப நல்ல மருந்துன்னு அவரே பெருமையா கடிதமும் எழுதியிருக்காரு.

அங்க இருந்து வெஸ்ட் கென்னட் லாங் பாரோ, குன்று மேல 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்லறை மேடு. கி.மு. 3650 வாக்குல கட்டினது, கல்வட்டத்துக்கு எல்லாம் பாட்டன். முன்னாடி ஆள் உயரத்த விடப் பெரிய கல்லு வரிசை, பின்னாடி புகுந்தா அஞ்சு அறை. இருட்டு, ஜில்லுனு இருக்கு, யாரோ பூவும் பாதி எரிஞ்ச மெழுகுவத்தியும் வச்சுட்டுப் போயிருக்காங்க. குறைஞ்சது 36 பேரோட எலும்பு கிடைச்சுது. ரொம்ப காலம் பல நூறு வருஷமா ஆளாளுக்குக் கொண்டுவந்து வச்ச எலும்புன்னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க, அப்புறம் கார்பன் டேட்டிங் பண்ணினா அத்தன பேரையும் வச்சது வெறும் 30 வருஷத்துக்குள்ள. அதாவது ஒருத்தருக்கொருத்தர் முகம் தெரிஞ்சவங்க. அந்த அறையில நிக்கறப்ப இத தெரிஞ்சு நிக்கறது வேற மாதிரி இருந்துச்சு.

வெளிய வந்தா எதிர்லயே சில்பரி ஹில். தூரத்துல இருந்து பாத்தா கவுத்துப் போட்ட புட்டுக் கிண்ணம். 30 மீட்டருக்கு மேல உயரம், அடியில 160 மீட்டர் அகலம், சுமார் 5 லட்சம் டன் சாக் பாறையும் மண்ணும், எல்லாமே மனுசன் அள்ளிக் கொட்டினது, கி.மு. 2400 வாக்குல. எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. உள்ள தங்கக் குதிரையில சில்னு ஒரு ராஜா உக்காந்திருக்கான்னு கதை, அத நம்பித்தானோ என்னவோ 1776ல மேல இருந்து நேரா ஒரு குழி தோண்டினாங்க, 1849ல பக்கவாட்டுல ஒரு சுரங்கம், 1968ல பிபிசி கேமராவோட இன்னொரு சுரங்கம். ஒரு கல்லறையும் இல்ல, ஒரு பொட்டுத் தங்கமும் இல்ல. தோண்டினவங்க ஒழுங்கா மூடாம போனதுல 2000 மே மாசம் உச்சியில பெரிய பள்ளம் விழுந்துடுச்சு. அவசரத்துக்கு எதப் போட்டு அடைச்சாங்க தெரியுமா, தெர்மோகோல்! தம்பி சிரிச்ச சிரிப்புல பக்கத்துல மேஞ்ச ஆடு ஓடிடுச்சு. ஏன் சிரிச்சான்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லவேண்டியதில்ல. அப்புறம் 2007ல முறையா உள்ள போய் எல்லாத்தையும் சாக் வச்சே நிரப்பினாங்க. இப்ப மேல ஏறக்கூடாது, மேட்டுல இருக்கற புல்லுக்கும் பூவுக்குமே பாதுகாப்பு இருக்கு, தடுப்புக்கு வெளிய நின்னு பாக்கணும். ரெண்டு பேரு வேலி தாண்டி ஏறிட்டுதான் இருந்தாங்க.

இந்த லீவுக்கும் இந்த மேட்டுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. ஜான் லப்பக்னு ஒருத்தரு, பேங்க் முதலாளி, எம்.பி., மிச்ச நேரத்துல எறும்பு ஆராய்ச்சி. 1871ல பேங்க் ஹாலிடே சட்டத்தக் கொண்டுவந்தது அவருதான், எங்க மூணு நாள் லீவு அந்தப் புண்ணியவான் போட்ட பிச்சை. அதே 1870கள்ல ஏவ்பரி வட்டத்துக்குள்ள மனை போட்டு விக்கறாங்கன்னு கேள்விப்பட்டு நிலத்த வாங்கிப்போட்டாரு, சில்பரியையும் வாங்கினாரு. இப்படி எத்தனைய சொந்தக் காசுல வாங்கறதுன்னு வருஷக்கணக்கா பார்லிமெண்ட்ல மல்லுக்கு நின்னு 1882ல பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தாரு, இங்கிலாந்துல அதுதான் முதல் சட்டம். முதல் பட்டியல்லயே ஏவ்பரி கரையும் கல்லும், லாங் பாரோ, சில்பரி எல்லாம் இருக்கு. அடுத்தவன் சொத்துல அரசாங்கம் கை வைக்கறதான்னு கூச்சல் போட்டதுல, சொந்தக்காரன் சம்மதிச்சாதான் செல்லும்னு பல்லப் புடுங்கிட்டுதான் விட்டாங்க. 1900ல அவருக்குப் பட்டம் குடுத்தப்ப எடுத்துக்கிட்ட பேரு லார்டு ஏவ்பரி. அந்தப் பட்டியல்ல வீடு ஒண்ணுகூட கிடையாதுங்கறத நேத்து பாத்ததோட சேத்து நெனச்சுக்கிட்டேன். இப்ப கணக்கு மாறிடுச்சு. 1972ல இந்தக் குன்றெல்லாம் நார்த் வெசெக்ஸ் டவுன்ஸ்னு பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதி, 1986ல ஸ்டோன்ஹெஞ்சோட சேத்து உலகப் பாரம்பரியச் சின்னம், மிச்சம் இருக்கற பழைய வீடு நிறைய பாதுகாக்கப்பட்ட கட்டட லிஸ்ட்ல ஏறியாச்சு. வீட்டுக்கார அம்மாவுக்கு ஜன்னல மாத்தணும்னாலும் பர்மிஷன் வேணுமாம், ரெண்டு வருஷமா அந்தக் காத்து புகற ஜன்னலோடதான் இருக்காங்க.

சாயங்காலம் பையை எடுத்துக்கிட்டு ட்ரஸ்லோ வழியா திரும்பினோம். வர்ற வழியில வயலுக்கு நடுவுல ரெண்டு கல்லு தனியா நிக்குது, ஆதாம் ஏவாள்னு பேரு. இந்தப் பக்கமும் ஒரு கல்வரிசை போச்சுன்னு ஸ்டூக்லி எழுதினத பல பேரு நம்பல, கற்பனைன்னாங்க, 1999ல தோண்டினப்ப குழி குழியா வரிசையா வந்துச்சு. இன்னிக்கு ட்ரஸ்லோவ நிதானமா பாத்தேன். நேரான செங்கல் சுவரு, முன்னாடி தக்காளிச் செடி, ஒரு டிராம்போலின், கொடியில துணி. ஒரு வீட்டு வாசல்ல ஒரு பாட்டி நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சான்னு அவங்களா கேட்டாங்க. அந்தப் பக்கத்து வீடெல்லாம் ஈரமாமே, உங்க வீடு எப்படின்னு சும்மா கேட்டுவச்சேன். "எங்க அம்மா இங்க வந்த முதல் குளிர்காலத்துலதான் வாழ்க்கையில முதல்முறையா காஞ்ச படுக்கையில படுத்தாங்களாம்"னாங்க. சொல்லிட்டு, ஆனா சாகற வரைக்கும் அந்த வீட்டப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தாங்கன்னு சேத்துக்கிட்டாங்க.

லீவு நாள்ங்கறதால ஞாயித்துக்கிழமை டைம்டேபிள், பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். தம்பி அந்த ஒரு மணி நேரமும் ஸ்டாப்புக்குப் பக்கத்துல இருந்த சுவத்துல ஒவ்வொரு கல்லா தடவிப் பாத்துக்கிட்டே போனான், தீ பட்ட கறுப்பு எதுலயாவது இருக்கான்னு. ரெண்டு கல்லுல இருக்குன்னு சாதிக்கறான். எனக்கு பாசி மாதிரிதான் தெரிஞ்சுது.